ஹபீபுல்லா கேட்ட ஒரேயொரு ஸ்பிளிட் பின்

ஹபீபுல்லாவுக்கு அன்று வந்த கோபத்தில் ராயபுரம் கடல் ஒரு சாண் உள்வாங்கியது. அவர் பிட்டர், கடலோர மரக் கம்பெனியின் கிரேனுக்கு முப்பது வருஷமாக வைத்தியர். கோபத்துக்குக் காரணமோ சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டு.

கொக்கியைத் தாங்கும் போல்ட்டில் நட்டை முறுக்கி, குறுக்கே இருக்கும் ஓட்டையில் ஸ்பிளிட் பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் அகட்டி மடக்கிவிட்டால், கிரேன் பேயாட்டம் ஆடினாலும் நட்டு கழலாது. மடக்கிய காலை நிமிர்த்தினால் ஒடியும். அதனால் ஒவ்வொரு தடவையும் புதுசு போடவேண்டும். இது பர்மா தேக்குக் கட்டைகளுக்கே தெரியும். ஸ்டோர் கீப்பர் வேதமாணிக்கத்துக்குத்தான் தெரியாது.

"பழசக் குடுத்தாத்தான் புதுசு, பாய். அதான் ரூலு."

"இதோ பழசு."

"பாதிதான் கீது. மீதி?"

"ஒடிஞ்சி கடல்ல வுயுந்துச்சு சார்."

"கடல்லயா, உன் வூட்லயா? ராயபுரத்துல பாதி தாப்பாளு நம்ம பின்னுலதான் நிக்குது. காது குடையக்கூட இதான். உன் சம்சாரம் ஜெரினா ட்ரங்குப் பொட்டிக்கு..."

முப்பது வருஷத்தில் ஒரு வாஷரைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாத மனிதர். காதில் கொதிக்கிற தாரை ஊற்றியது போலிருந்தது.

"யாரப் பாத்து திருடன்ற?" அந்தக் குரலுக்குத் திருவொற்றியூர் கோயில் மணி தானாக அடித்திருக்கும்.

வேதமாணிக்கம் அசையவில்லை. "ஒரு பின்னுக்கு இன்னா பேஜாரு! பின்னுக்குப் பதிலா கம்பியச் சுத்து, கட்டையத் தூக்கு. கப்பல் நின்னுகினு கீது."

"சுத்துறேன். நீ வந்து கொக்கிக்கு அடியில நில்லு. மொத கட்டை உன் தலைக்கு மேலதான் போவும்."

"சபாஷ் மாமு!" என்றார் சுமை மேஸ்திரி கோதண்டம். "ஸ்டோர் சார் நின்னாத்தான் நாங்களும் நிப்போம்." அவருடைய நாற்பது ஆட்களும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள்.

மாடி ஜன்னலிலிருந்து மானேஜர் கத்தினார்: "கம்பி போதும்னா போய் நில்லுய்யா! கப்பல் காத்திருக்கு!"

வேதமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார். கொக்கி காற்றில் மெல்ல ஆடியது. எடுத்தார் ஓட்டம். ஸ்டோருக்குப் போனவர் இரண்டு கையும் நிறைய பின்னோடு திரும்பினார்.

"எடுத்துக்க பாய், எல்லாத்தையும் எடுத்துக்க!"

ஹபீபுல்லா ஒன்றே ஒன்றைப் பொறுக்கினார். "மீதிய உள்ள வெய்யி. இல்லாட்டி சாயங்காலம் என் வூட்டுப் பொட்டியத் தொறந்து பாக்க வந்துடுவே."

ஏணியில் ஏறிப் பின்னைச் செருகினார். அதன் காலை மடக்கச் சுத்தியலால் இரண்டு அடி போதும். அன்று பதினேழு அடி அடித்தார்.