இன்ஜின் ஓடும் தெரு

விடியுமுன் சரக்கேற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டியதில் இசக்கியின் உள்ளங்கை எரிந்தது. லாரியைச் சேரப்பணஞ்சேரித் தெருவில் கொண்டுபோய், காத்திருக்கும் லாரி வரிசையின் கடைசியில் நிறுத்தினான். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

ஒரகடம் சந்திப்பில் புகையைக் குறைக்கப் புது சிக்னல் வந்திருந்தது. லாரியில் பொருத்திய பெட்டியோடு அது தொடர்புகொண்டு, நெரிசல் சேராமல் முறைப்படி ஒவ்வொரு வண்டியாக அழைக்கும். அதுவரை வண்டிகள் இந்தத் தெருவில் காத்திருக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? அங்கே காற்று சுத்தம் என்று பலகையில் பச்சை எழுத்து மின்னுகிறது. அந்தப் புகையைத்தான் இந்தத் தெருவில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பெட்டியும் நின்றுவிடும். முறை போய்விடும். தாமதித்தவனுக்கு மறுநாள் வண்டி கிடையாது.

தெருவோர வீட்டிலிருந்து சந்திரம்மாள் வாசல் நிலையைப் பிடித்தபடி வந்தாள். இந்த லாரிகள் சரக்கு கொண்டுபோகும் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள். இளைப்பில் நெஞ்சு கீச்சிட்டது.

"ஆப் பண்ணுபா. மூச்சு வுட முடில."

"அணைச்சா முறை போயிரும்க்கா. நான் என்ன செய்ய?"

"உனுக்கு முறை போவுது. எனுக்கு உசுரே போவுதே!"

அந்நேரம் பைக்கில் வந்து இறங்கினார் லாரிகளின் மேலாளர் இனியவன். முகத்தில் மாஸ்க்.

"சார், வண்டிய அணைச்சாலும் முறை போகாம பண்ணச் சொல்லுங்க," என்றான் இசக்கி.

"சிஸ்டம் அப்படித்தான். ஜங்ஷன்ல புகை இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

"இங்க கீறவங்க மனுசங்க இல்லியா?" என்றாள் சந்திரம்மாள்.

"இங்க மீட்டர் வைக்கலம்மா."

இசக்கிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விறுவிறுவென்று நடந்து ஒவ்வொரு லாரியின் கதவையும் தட்டினான்.

"ஒருத்தன் அணைச்சாத்தான் கடைசிக்குப் போவான். எல்லாரும் சேந்து அணைச்சா யார் கடைசி?"

வரிசையின் முதல் லாரியில் கொம்பையா இருந்தார். காத்துக் கிடந்து சலித்த மனிதர். இசக்கி அவரிடம் வந்தபோதே பெட்டி கூவியது.

"எலேய், என் முறை வந்துட்டுல!"

"தெரியும் அண்ணாச்சி."

இசக்கியின் பின்னாலேயே வந்துவிட்ட சந்திரம்மாளைக் கொம்பையா பார்த்தார். அவள் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். அவர் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச் சாவியைத் திருப்பினார். பின்னால் ஒவ்வொன்றாக எல்லா வண்டிகளும் அடங்கின.

இனியவனின் போன் அலறியது. எடுத்துக் கேட்டுவிட்டுக் கத்தினார். "சரக்கு வராம கம்பெனில லைன் நிக்கப் போவுதாம்! வண்டிய எடுங்கடா! நாளைக்கு ஒருத்தனும் உள்ள வர முடியாது!"

வர முடியாமலும் போகலாம். தெரிந்தேதான் எல்லாரும் இறங்கி நின்றார்கள். சந்திரம்மாள் முதல் லாரியின் சக்கரத்தருகே உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

"மீட்டர் இல்லன்னியே," என்றாள் அவள் இனியவனிடம், இளைப்போடு. "நாங்க கீறோம். பொகை எவ்ளோன்னு எங்க கைல கேளு."