ஈரம் காயும் வரை

தூக்கம் கலைந்து வாசலுக்கு வந்த டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். முதலாளியின் கறுப்புக் காரை நிழலில் நிறுத்திவிட்டுத்தான் படுத்தான். அது இப்போது குழாயடியில், கொளுத்துகிற வெயிலில் நின்றது. அதன் உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். பக்கத்தில் வாளியும் கையுமாக அவன் மனைவியின் அண்ணன், முகம் கொள்ளாத சிரிப்போடு.

“ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு வந்து அசந்து தூங்குனீங்களா, சாவி ஆணியில தொங்குச்சா, நானே கழுவி வச்சிட்டேன் மாப்பிள்ளை. எப்படி?”

எப்படியாம்! போர்வெல் தண்ணீர். ஊற்றி வைத்த வாளியிலேயே சுண்ணாம்பு படியும் தண்ணீர். அதை உச்சிவெயிலில் வண்டி மேல் ஊற்றி, துடைக்காமல் தானாகக் காயவிட்டால் அது சும்மா இருக்குமா? டிரைவர் ஒரு நாளும் அப்படிச் செய்தவன் இல்லை. நிழலில் நிறுத்துவான், ஒரு கதவைக் கழுவினால் அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் அடுத்த கதவுக்குப் போவான்.

மச்சானையும் குறை சொல்ல முடியாது. வேலை செய்த பட்டறையை மூடிவிட்டார்கள் என்று “ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்” என்று வந்தவர், மாதங்கள் ஆகியும் கிளம்பவில்லை. சோபாவில் அவர் படுக்கும் இடம் பள்ளமே விழுந்துவிட்டது. முந்தாநாள் சமையலறையில் வைத்து, “உங்க அண்ணன் எப்பத்தான் கிளம்புவாரு?” என்று டிரைவர் மனைவியிடம் எரிந்து விழுந்தான். மெல்லிய சுவர். கேட்டிருக்கும். அதற்குத்தான் இந்தக் கழுவல் என்று அவனுக்கு இப்போது புரிந்தது, புரிந்ததால் கோபம் இரண்டு மடங்கானது.

“சாயந்திரம் முதலாளி பொண்ணை ஏர்போர்ட்டுக்கு ஏத்திட்டுப் போகணும். புது வண்டி. கொடுக்கும்போதே என்ன சொன்னாரு தெரியுமா? ஒரு புள்ளி விழுந்தாலும் சாவிய வச்சிட்டுப் போயிடுன்னாரு!”

மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. “தண்ணி ஊத்தினா போயிடும் மாப்பிள்ளை” என்று ஒரு குவளை ஊற்றினார். அட, போய்விட்டது! பானெட் கண்ணாடியாக மின்னியது. டிரைவர் பெருமூச்சு விடுவதற்குள் வெயில் அதைக் குடித்தது, ஒவ்வொரு வட்டமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

“வினிகர் இருக்கா?” என்று உள்ளே பார்த்துக் கத்தினான். மனைவி பாட்டிலோடு ஓடி வந்தாள். காரைத் தள்ளி நிழலில் விட்டு, வினிகரில் பேட்டரிக்கு ஊற்றுகிற, சுண்ணாம்பே இல்லாத தண்ணீரைச் சரிபாதி கலந்து, துணியை நனைத்து ஒரு கதவின் மேல் போட்டான். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெதுவாகத் துடைத்து, கலக்காத பேட்டரித் தண்ணீரில் அலசி, ஒற்றினான். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவினான். வெறும் விரலுக்குத் தெரியாத நறநறப்பும் பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரிந்துவிடும். வழவழவென்று இருந்தது. அப்பாடா!

அடுத்த கதவுக்குத் திரும்பியவன் மூக்கில் ஏதோ சுருக்கென்று ஏறியது. பார்த்தால் மச்சான் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டின் மூடியைத் திறந்துகொண்டு பானெட் பக்கம் குனிகிறார். டிரைவர் பாய்ந்து தட்டிவிட்டான். பாட்டில் உருண்டு தரையில் நுரைத்தது.

“பெயிண்டையே தின்னுடும்யா அது! உதவி பண்றேன் உதவி பண்றேன்னு என் உயிரை எடுக்காதீங்க!”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். மச்சான் சுவரோரமாகப் போய் நின்றார்.

கதவுகள் தேறின. பானெட்டும் தேறியது. மேல்கூரைதான் மசியவில்லை. மூன்று தடவை துணி போட்டும் அங்கே வட்டங்கள் பெயிண்டுக்குள் இறங்கிப்போய் இருந்தன. கடைக்குக் கொண்டுபோய் மெஷினில் பாலிஷ் போட நேரமில்லை. கிளம்ப வேண்டிய நேரமும் வந்துவிட்டது. டிரைவர் மிச்சமிருந்த பேட்டரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி, சீட்டுக்கு அடியில் செருகினான்.

மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஈரத்தோட காட்டப் போறீங்களா? வேண்டாம் மாப்பிள்ளை. சொல்லிடுங்க. என் பேரைச் சொல்லிடுங்க.”

“நீங்க செஞ்சது போதும். வாயை மூடுங்க” என்றான்.

முதலாளி வீட்டுத் திருப்பத்தில் நிறுத்தி, கூரை முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டு உள்ளே போனான். முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

“இப்பத்தான் கழுவினியா? ஜோரா இருக்கே!”

“ஆமா சார்.”

பெண் உடனே வந்திருந்தால் தப்பித்திருப்பான். வந்தவள் எதையோ மறந்தேன் என்று திரும்பி ஓடினாள். சாய்ந்த வெயில் நேராகக் கூரையில் விழுந்தது. ஓரத்திலிருந்து ஈரம் சுருங்குவதை டிரைவர் பார்த்தான். முதலாளி விமானத்தைப் பற்றி ஏதேதோ பேசினார். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. சீக்கிரம் வாம்மா, சீக்கிரம் வாம்மா என்று உள்ளுக்குள் மன்றாடினான். ஒரு வட்டம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கூரை முழுக்க.

முதலாளி பேச்சை நிறுத்தி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“எப்ப ஆச்சு இது?”

“மத்தியானம் சார்.”

“யாரு பண்ணது?”

மச்சான் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. “நான்தான் சார்.”

“அப்ப எதுக்குத் தண்ணி ஊத்திக் கொண்டுவந்தே?”

டிரைவர் துணியை எடுத்துக் கூரையைத் தேய்த்தான்.

“புள்ளி விழுந்தா சாவிய வைன்னது ஒரு பேச்சுக்குச் சொன்னதுப்பா. பாலிஷ் போட்டா போயிடுற கறை இது. ஆனா என் பொண்ணை உன்னை நம்பி அனுப்புறேன். வழியில ஒண்ணு நடந்தா அதையும் இப்படித்தானே மறைப்பே?” அவர் கையை நீட்டினார். “சாவி.”

மகளை ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டிப் போனார்.

நடந்து வீடு வந்து சேர்ந்தபோது வாசல்படியில் மச்சானின் பை இருந்தது. மச்சான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள், கண் வீங்கியிருந்தது. வண்டியும் இல்லாமல் சாவியும் இல்லாமல் வருகிறவனை இருவரும் பார்த்தார்கள்.

“போச்சா மாப்பிள்ளை? என்னாலதானே?” மச்சான் பை மேல் கை வைத்தார். “நான் கிளம்புறேன். உங்களுக்கு இனி தொந்தரவு இருக்காது.”

ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். பேசாமல் நின்றால் போதும், இத்தனை மாதமாக எது நடக்கவேண்டும் என்று ஏங்கினானோ அது நடந்துவிடும். மனைவியும் அவனைக் குறை சொல்லமாட்டாள். அந்த ஒரு நொடி அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது.

“பையை உள்ள வைங்க.”

“இல்ல மாப்பிள்ளை...”

“வைங்கங்கிறேன்ல! கறைக்காகப் போகல. நீங்க சொல்லிடுங்கன்னு சொன்னீங்களே, அப்படியே சொல்லியிருந்தா சாவி இப்ப என் கையில இருந்திருக்கும். நான் மறைச்சேன். அதுக்குத்தான் போச்சு.”

மச்சான் இன்னொரு செருப்பையும் மாட்டினார். பிறகு விறுவிறுவென்று படியிறங்கினார். “உங்களைப் போயா வேலையை விட்டு அனுப்பினாரு? இருங்க, நான் போய் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்.”

“ஐயோ!” டிரைவர் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “நீங்க ஒண்ணும் செய்யாதீங்க மச்சான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தயவுசெஞ்சு ஒண்ணுமே செய்யாதீங்க!”

அழுதுகொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பையைத் தூக்கி உள்ளே கொண்டு போனாள்.