தெருமுனைச் சத்தம்

பெட்ரோல் பங்கை ஒட்டிய டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மூன்று பேர் கூடுவார்கள். மூவருக்கும் வண்டிப் பித்து. ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் பள்ளிக்கூடங்களுக்கு பஸ் விடுகிறவர். மூன்றாமவர் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது விபத்தில் விழுந்த ஒடுக்கு, எது அதற்கு முன்பே இருந்த ஒடுக்கு என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை. கதவை ஒரு தடவு தடவினால் போதும், அதன் ஜாதகமே வந்துவிடும்.

சர்வேயரிடம் இருந்தது ஒரு பழைய டீசல் எஸ்யூவி. கறுப்பு நிறம். டீக்கடையில் அதற்கு வைத்த பெயர் யானை. யானைக்கு இப்போது கியர் பாக்ஸ் கெட்டுக்கொண்டு வந்தது. அடுத்து வாங்கப்போவது டீசலா, எலெக்ட்ரிக்கா என்பதில்தான் கொஞ்ச நாளாக அங்கே டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை என் காரை ஓட்டிப் பாருங்க சர்வேயர். காலை வச்சதும் பறக்கும்" என்றார் டாக்டர். அவர் எலெக்ட்ரிக்குக்கு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாறியவர்களுக்கே உரிய வேகம் அவரிடம் இருந்தது.

"பறக்கும், பறக்கும். பாதி வழியில கரண்ட் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்" என்றார் பஸ்காரர்.

"உங்க பஸ் போற தெருவுல ஒருத்தராவது துணி காயப்போட முடியுதா? வெள்ளைச் சட்டை போட்டா சாம்பல் சட்டையா வருது."

"வண்டின்னா மூச்சு விடணும் டாக்டரே. உங்களோடது காரா, பெரிய சைஸ் செல்போனா?"

சர்வேயர் இருவரையும் சிரிக்க விட்டுவிட்டுத் தன் கட்சியைச் சொன்னார். அதை அவர் பல வாரமாகச் சொல்லிவருகிறார்.

"பிக்கப், புகை எல்லாம் கிடக்கட்டும்யா. வண்டி வர்றது வீட்டுக்குத் தெரியணும். யானை எங்க தெருமுனையில திரும்புதுன்னு வைங்க, அடுத்த நிமிஷம் வீட்டுல கேட் திறந்திருக்கும். நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள மேஜைமேல தண்ணி. பொண்ணுங்க ரெண்டும் புத்தகத்தோட ஹாலுக்கு வந்துடும். ஒரு நாள் தவறினது கிடையாது. அதை உங்க பேட்டரி செய்யுமா?"

"கொடுத்து வச்ச ஆளுய்யா நீ" என்றார் பஸ்காரர். "நான் வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சாலும் எங்க வீட்டுல பூனைகூடத் திரும்பிப் பாக்காது."

சர்வேயர் வாய்கொள்ளாமல் சிரித்தார். அந்த இடம் வரும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

வீட்டிலும் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெரிய மகள் எலெக்ட்ரிக் கட்சி. சாப்பிடும்போது புகையைப் பற்றியும் பூமியைப் பற்றியும் மெல்ல ஆரம்பிப்பாள். "முதல்ல உன் ரூம் ஃபேனை அணைச்சுட்டு வா, அப்புறம் பூமியைக் காப்பாத்தலாம்" என்பார் அவர். அவள் எழுந்து போய் அணைத்துவிட்டு வருவாள். பேச்சும் அணைந்திருக்கும். அதைத் தன் சாமர்த்தியமாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில் டாக்டருக்கு மாமனார் வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியிருந்தது. ஆளும் மூட்டையும் அவர் காரில் அடங்கவில்லை. சாவிகளை மாற்றிக்கொண்டார்கள். சர்வேயர் வீட்டில் சொல்லவில்லை. புது வண்டியை முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கொண்டுபோய் நிறுத்துகிறவன் வண்டிப் பித்தனே இல்லை. வாசலில் நிறுத்தி, எல்லோரும் வாயைப் பிளப்பதைப் பார்த்துவிட்டு, அப்படியே மனைவி, மகள்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய்வர வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆபீஸிலிருந்து கிளம்பி அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தபோது அவர் மனசு மாறிப்போனது. யானையில் போகும்போது யானை மட்டும்தான் கேட்கும். இதில் பக்கத்தில் போகும் சைக்கிளின் செயின் கேட்டது. சிக்னலில் நின்றபோது அடுத்த காருக்குள் ஒரு குழந்தை அழுவது கேட்டது. அவருடைய மூச்சே அவருக்குக் கேட்டது. மேம்பாலத்தில் காலை அழுத்தினார்; முதுகைப் பிடித்து யாரோ தள்ளியதுபோல் கார் பாய்ந்தது. தன்னை மறந்து, "அடேயப்பா!" என்றார். பாலம் இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டார். எலெக்ட்ரிக்தான். பெரியவளிடம், "நீ ஜெயிச்சுட்டேம்மா" என்று சொல்ல வேண்டும். அந்த முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே தெருவில் திரும்பினார்.

கேட் மூடியிருந்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்குத் தெரியாதே. குட்டை மதில் ஓரமாகக் காரை நிறுத்தினார். ஹாலின் தாழ்வான ஜன்னல் தெருவைப் பார்த்தபடி திறந்து கிடந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம்.

விருந்தாளி யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கார்க் கண்ணாடியை இறக்கினார். ஒரு பெண் குரல் பழைய பாட்டு ஒன்றைக் கட்டைக் குரலில், வேண்டுமென்றே அபசுரமாகப் பாடிக்கொண்டிருந்தது. நல்ல குரல்தான். யார் இது? நடுவில் பாட்டை நிறுத்தி, "ஏய், கடலையை எல்லாம் நீயே தின்னா எப்படிடி?" என்று அது கேட்டபோதுதான் தெரிந்தது, அது அவர் மனைவி.

அவள் பாடி அவர் கேட்டதில்லை.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பார்த்தார். மூவரும் தரையில் கிடந்தார்கள். சோபா மெத்தைகள் கீழே வந்திருந்தன. சின்னவள் அம்மாவின் வயிற்றில் தலை வைத்திருந்தாள். மனைவி சிரித்தபோது அந்தத் தலையும் சேர்ந்து குலுங்கியது. வேர்க்கடலைத் தோல் விரிப்பு முழுவதும் சிதறியிருந்தது. வேறொரு குடும்பம் அவருடைய வீட்டில் குடியிருந்ததுபோல் இருந்தது. சந்தோஷமான குடும்பம்.

"அம்மா, அப்பா வர்ற நேரமாச்சு" என்றாள் சின்னவள்.

"யானை இன்னும் திரும்பலையேடி. சத்தம் கேக்கட்டும், அப்புறம் எடுத்து வச்சுக்கலாம்."

"அந்த வேலை கிடைச்சா நான் போயிடுவேம்மா" என்றாள் பெரியவள். "வேற ஊருங்கறது எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் இங்க இருப்பீங்களேன்னுதான் இருக்கு."

"நாங்க என்ன தனியாவா இருக்கோம்? அப்பா இருக்காரே."

"அதைத்தாம்மா சொல்றேன்."

மனைவி பெரியவள் முதுகில் செல்லமாக ஒரு அடி வைத்தாள். மறுபடி சிரிப்பு.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அவர் கை ஓங்குகிறவர் இல்லை. குடிக்கிறவர் இல்லை. குரலை உயர்த்தியதுகூட அபூர்வம். கண்ணில் பட்டதைச் சொல்வார், அவ்வளவுதான். குழாய் சொட்டுவதை, மெத்தை கோணலாக இருப்பதை, காலணி ஜோடி மாறிக் கிடப்பதை. குறை என்று அவர் அதை நினைத்ததே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பேச அவருக்கு வேறு பேச்சு தெரியவில்லை. இன்று காருக்குள் உட்கார்ந்தபடி அவரே எண்ணிப் பார்த்தார். இவர்களிடம் கடைசியாக ஒடுக்கு எதையும் காட்டாமல் என்ன பேசினேன்? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சத்தமில்லாத கார் பின்னால் நகர்ந்தபோது மட்டும் கொசுபோல் மெல்லிதாக ரீங்கரித்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தெருமுனைக்கு வந்து நிறுத்தி, மனைவிக்கு போன் செய்தார்.

"நான்தான். வந்துட்டிருக்கேன். இன்னைக்கு யானை இல்ல, டாக்டரோட எலெக்ட்ரிக் கார். சத்தம் வராது. அதான்... சொல்லிடலாம்னு."

"எங்க இருக்கீங்க?" என்றாள் அவள். பாடிய குரல் இல்லை அது.

"தூரத்துலதான். மெதுவா வர்றேன்."

மெதுவாகவே வந்தார். கேட் திறந்திருந்தது. மேஜைமேல் தண்ணீர் இருந்தது. மெத்தைகள் சோபாவுக்குத் திரும்பியிருந்தன. மகள்கள் இருவரும் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் பஸ்காரரிடம் அவர் சொன்னபடியே இருந்தது.

ஏதாவது நல்லதாகப் பேச வேண்டும் என்று அவருக்குத் துடித்தது. அவர் தரையில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்காருகிறவர் இல்லை. சின்னவள் அவசரமாகக் காலை மடக்கிக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லையாங்க?" என்றாள் மனைவி.

"நல்லாத்தான் இருக்கேன். நீ பாடுவேன்னு யாரோ சொன்னாங்களே..."

"நானா? யார் சொன்னது? நான் எங்க பாடறேன்."

அவள் தலைமுடியில் ஒரு கடலைத் தோல் ஒட்டியிருந்தது. ஆசையாக எடுத்துவிடத்தான் கையை நீட்டினார். அவள் சட்டென்று பின்வாங்கித் தலையைத் தடவிப் பார்த்தாள். கடலைத் தோல் கையில் வந்ததும் முகம் வெளிறிப்போனது. "இப்பத்தான் பெருக்கினேன். மறுபடி ஒரு தடவை பெருக்கிடறேன்" என்று துடைப்பம் எடுக்கப் போய்விட்டாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வாங்க, எல்லாரும் புதுக் கார்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார்.

போனார்கள். அவர் எதையும் சொல்லாமல் ஓட்ட ஓட்ட, பின்சீட்டில் பயம்தான் கூடியது. அப்பா பேசாமல் இருந்தால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ. மேம்பாலத்தில் கார் பாய்ந்தது. "சூப்பர்ப்பா" என்று பெரியவள் மரியாதைக்குச் சொன்னாள்.

"நீ ஜெயிச்சுட்டேம்மா. எலெக்ட்ரிக்கே வாங்கிடலாம்னு பாக்கறேன்."

அவள் மலரவில்லை. கண்ணாடியில் பார்த்தார். அவள் தங்கையைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் பின்னந்தலையைப் பார்த்தாள்.

"டீசலே வாங்குங்கப்பா" என்றாள்.

"ஏம்மா? நீதானே புகை, பூமின்னு..."

"இல்லப்பா. உங்களுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்ல. அதான்."

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை ஓரமாக நிறுத்தி, டயரைப் பார்ப்பதுபோல் இறங்கி, வண்டிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

டாக்டர் மலையிலிருந்து திரும்பி யானையை ஒப்படைத்தார். "உங்க யானை என் மாமியாரைவிடச் சத்தம் போடுதுய்யா. சரி, என் வண்டி எப்படி?" என்றார்.

"நல்ல வண்டி டாக்டரே. ரொம்ப நல்ல வண்டி. எனக்குச் சரிப்படாது."

பஸ்காரர் விசிலடித்தார். சர்வேயர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனதை இருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் மனைவியை அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். விற்பனையாளர் புது டீசல் எஸ்யூவியைச் சுற்றிக் காட்டினார். முன்கதவில் நகம் பட்டதுபோல் ஒரு கீறல் இருந்தது. சர்வேயர் பார்த்தார், சொல்லவில்லை. விற்பனையாளர் என்ஜினை ஓட விட்டு, பெருமையோடு காதில் கை வைத்துக் காட்டினார்.

"கேக்குதா சார்? பழைய மாடல்ல பாதிச் சத்தம்கூட இல்ல. வாசல்ல வந்து நின்னாக்கூட வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியாது!"

"நல்லா சத்தம் வர்ற வண்டி இல்லையா?" என்றார் சர்வேயர்.

"சார்?"

"தெருமுனையில திரும்பும்போதே கேக்கணும். வீட்டுல இருக்கறவங்களுக்கு... கொஞ்சம் நேரம் கிடைக்கற மாதிரி."

விற்பனையாளர் அது நகைச்சுவை என்று முடிவு செய்து சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கதவின் கைப்பிடியில் வைத்திருந்த விரல்களை மெதுவாக எடுத்துக்கொண்டாள். விற்பனையாளர் விலைப்பட்டியல் எடுத்துவரப் போனதும் கேட்டாள்.

"அன்னைக்கு எப்பங்க வந்தீங்க?"

"போன் பண்ணினேன்ல. அப்பதான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் எதையும் பார்க்காததுபோல் நடித்து அவள் பார்த்ததில்லை. அவருக்கு நடிக்க வரவில்லை.

"நீயே சொல்லு" என்றார் அவர். "எந்த வண்டி வாங்கலாம்? நீ சொல்றதுதான்."

அந்தப் பக்கம் கண்ணாடிச் சுவரோரம் வெள்ளை எலெக்ட்ரிக் கார் ஒன்று நின்றது. அவள் கண் அங்கே போவதை அவர் பார்த்தார். 'அதையே வாங்குங்க' என்று அவள் சொல்லிவிட்டால் போதும். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வாருங்கள், எப்படி இருக்கிறோமோ அப்படியே இருப்போம் என்றுதான் அதற்கு அர்த்தம். அவர் காத்திருந்தார். வாழ்க்கையில் எந்த வண்டியையும் அவர் அப்படி ஆசைப்பட்டுப் பார்த்ததில்லை.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பேசியபோது அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை.

"யானையே இருக்கட்டுமேங்க" என்றாள். "கியர் பாக்ஸை மட்டும் மாத்திக்கலாம்."

"சரி" என்றார் அவர்.

விற்பனையாளர் பட்டியலோடு வந்தபோது அவர்கள் வாசலைத் தாண்டியிருந்தார்கள். வெயிலில் நின்ற யானையின் கதவை அவளுக்காகத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்து, அழுகையை அடக்கிக்கொண்டு நேரே முன்னால் பார்த்தாள். அவர் சாவியைத் திருகினார். வண்டி இருமி, உறுமி, கிளம்பியது. அந்தச் சத்தத்தில் இரண்டு பேரும் வீடு வரைக்கும் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை.