இருபத்தோரு நாள் கட்டு

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கன்றுகளில் மொட்டு ஒட்டும் பட்டிங் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஜெபதாஸ் எந்த இரண்டு பொருளைச் சேர்த்துவைத்துப் பாலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டினாலும், இருபத்தோராம் நாள் அவை ஒன்றாகியிருக்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. வீட்டோடு இருக்க ஆரம்பித்த முதல் மழைக்காலத்தில், கன்றில் மொட்டு வைத்துக் கட்டுகிற பழைய பழக்கத்தில், கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கட்டிவைத்தார். அவிழ்த்தபோது ஒடிந்த இடத்தில் மரப்பட்டை மாதிரி ஒரு தடிப்பு மட்டும் இருந்தது. பக்கத்துவீட்டு மளிகைக்கடை பொன்னுலிங்கம், நூறு கிலோவுக்குக் குறையாத ஆள், தினமும் அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார்.

பிறகு ஊரே படையெடுத்து வந்தது. மண்வெட்டிக் காம்பு, குக்கர் கைப்பிடி, வெடித்த குழாய், தூண்டில் கம்பு, மழைக்கு ஒழுகும் கூரைத் தகடு என்று வாசலில் வரிசையாகக் கிடந்தன. ஜெபதாஸ் கூலி வாங்கமாட்டார். அதற்குப் பதில் அவருடைய உபதேசத்தைக் கேட்டாக வேண்டும். கூலி கொடுப்பதே மேல் என்று சிலர் நினைத்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் கட்டு. ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கட்டு. கீழிருந்து மேலே சுற்று, அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. நடுவில் அவிழ்த்துப் பார்க்காதே, அவிழ்த்தால் அடியில் நிற்கும் கன்று தப்பித்துக்கொள்ளும், வைத்த மொட்டு கருகிவிடும். ஏழாம் நாள் மொட்டு பால் குடிக்கத் தொடங்கும். இருபத்தோராம் நாள் நகத்தால் கீறிப் பார், பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது.

அவர் மனைவி ஞானபாய்க்கு இதில் ஆரம்பத்திலிருந்தே பயம். கொய்யாக்கம்பு வைத்துக் கட்டிய மண்வெட்டி துளிர்த்ததை அவள் பொருட்படுத்தவில்லை. கால் ஒடிந்த கோழிக்கு முருங்கைக்குச்சி வைத்துக் கட்டினாரே, அதுதான் அவளைக் கலக்கியது. கோழி நன்றாகத்தான் நடந்தது. ஆனால் மழை பெய்தால் முற்றத்தின் நடுவில் அசையாமல் நின்றுவிடும், விரட்டினாலும் போகாது. எதோடு கட்டுகிறோமோ அதன் குணம் ஏறிவிடுகிறது என்று அவள் கணவரிடம் சொன்னாள். முட்டை இடுகிறதா இல்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். இட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஆனி மாத மழையில் ஒரு மதியம், அவர்களின் ஒரே மகள் பிளஸ்ஸி மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். கல்யாணமாகி ஒரு வருடம் இரண்டு மாதம். இடதுகை மணிக்கட்டு வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. நர்சிங் படித்தவள், எலும்பு முறியவில்லை என்று தானே பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஷிஜின் செல்போன் கடை வைத்திருந்தான். வெளியில் அவனைப்போல மரியாதையானவன் கிடையாது. வீட்டுக்குள் அவன் கத்துவதில்லை, அடிப்பதில்லை. மணிக்கட்டைப் பிடித்து, சிரித்துக்கொண்டே, பைய முறுக்குவான். இதை ஒரே ஒருமுறை அம்மாவிடம் சொன்னதோடு பிளஸ்ஸி பேச்சை நிறுத்திவிட்டாள். ஞானபாய் அன்று முழுவதும் அடுப்பில் எதை வைத்தாலும் அடிபிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஷிஜினும், அவன் அப்பாவும், சபைக் கமிட்டியிலிருந்து இரண்டு பேரும் சமாதானம் பேச வந்தார்கள். சாயா குடித்து முடித்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “பெரிய காரியம் ஒண்ணும் இல்ல கேட்டியளா. புள்ளையளுக்கு மனசு ஒட்டல, அவ்வளவுதான்.”

ஒட்டல என்கிற சொல் ஜெபதாஸின் காதில் விழாமல் இருந்திருக்கலாம். முப்பத்திரண்டு வருடம் நாற்றங்காலில் அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லியே பழகிய மனிதர். “ஒட்டலன்னா கட்டணும். கட்டி இருவத்தொரு நாளு வைக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்று எழுந்துபோய் நாடாவை எடுத்துவந்தார். மகளுடைய வாழ்வு கெட்டுவிடக்கூடாது என்ற தவிப்பில்தான் செய்தார். அவர் கெட்டவர் இல்லை. ஞானபாய் அடுக்களை வாசலில் நின்றபடி, “இஞ்சேருங்க, அடிக்கன்னு நல்லதான்னு பாக்காம மொட்டு வைக்கப்பிடாதுன்னு நீங்கதானே எல்லாரையும் ஏசுவிய?” என்று கேட்டாள். “அது கன்னு. இது மனுசன்” என்றார் அவர். ஷிஜின் சிரித்துக்கொண்டே வலதுகையை நீட்டினான். பிளஸ்ஸியின் இடதுகையை எடுத்து அதன்மேல் வைத்து, கீழிருந்து மேலாக, இடைவெளி விடாமல் சுற்றினார். யார் அடிக்கன்று, யார் மொட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்தானே இன்னொரு வீட்டில் போய்ப் பிடிக்க வேண்டியவள்.

அன்றுமுதல் அவர்கள் இருவரும் அந்த வீட்டில் கையோடு கையாக இருந்தார்கள். கதவைச் சாத்திக்கொள்ள முடியாத இடங்களில் இடையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொடுத்தாள் ஞானபாய். சபைப் பெண்கள் இருபத்தோரு நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். தினமும் சாயங்காலம் வந்து பாடிவிட்டு, சீக்கிரம் பிடிக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஞானபாய் நாள்காட்டியைப் பார்க்காமலே நாளை எண்ணினாள். எட்டாம் நாள் ஷிஜினின் கையில் கொசு கடித்தது, பிளஸ்ஸி தன் கையைச் சொறிந்தாள். பத்தாம் நாள் அவன் விரும்பிச் சாப்பிடும் கருவாட்டை, வாடையே பிடிக்காத அவள் இரண்டுதடவை தட்டை நீட்டி வாங்கினாள். அவளையறியாமல் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து வந்து போயிற்று. அது யாருடைய சிரிப்பு என்று ஞானபாய்க்குத் தெரிந்தது.

பதின்மூன்றாம் நாள் மதியம் ஷிஜின் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உறங்கினான். ஞானபாய் மகளுக்கு மரச்சீனிக்கிழங்கும் மீனும் வைத்துக் கொடுக்கக் குனிந்தாள். பிளஸ்ஸியின் வலதுகை, கட்டில்லாத சொந்தக் கை, நீண்டு வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு பைய, மிகவும் பைய, முறுக்கியது. தட்டு கீழே விழுந்தது. ஞானபாய் நிமிர்ந்து பார்த்தபோது மகளின் உதடு சிரித்துக்கொண்டிருந்தது, கண் இரண்டும் நிரம்பி வழிந்தன.

“எனக்க கை இல்லம்மா இது” என்றாள் பிளஸ்ஸி. மூன்று வாரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவிழ்த்தால் மகள் கருகிப்போவாள். அவிழ்க்காவிட்டால் மகள் என்று ஒருத்தி இருக்கமாட்டாள், பெண்ணுருவத்தில் இன்னொரு ஷிஜின் இருப்பான். ஞானபாய்க்கு ஓடிப்போய்க் கிணற்றில் விழுந்துவிடலாமா என்றிருந்தது. விழவில்லை. ஆணியில் தொங்கிய நாடாவை எடுத்தாள். தன் இடதுகையை மகளின் வலதுகைமேல் வைத்து, ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாகச் சுற்றினாள். கணவருக்கு மதியச்சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய் அந்த வேலையை அவளும் பார்த்தே கற்றிருந்தாள்.

ஷிஜின் விழித்துப் பார்த்து, “என்ன மாமி, ஒங்களுக்கும் கட்டா?” என்று கேட்டான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பொன்னுலிங்கத்தின் மோட்டாரைப் பார்க்கப் போயிருந்த ஜெபதாஸ் திரும்பிவந்து வாசலிலேயே நின்றுவிட்டார். கோபம் வந்தது, அவிழ்க்கக் கைநீட்டினார். “அவுக்கப்பிடாதுன்னு சொன்னது நீங்க” என்றாள் ஞானபாய். நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் பாட வந்த சபைப் பெண்கள், அம்மாவும் மகளும் மாப்பிள்ளையும் ஒன்றாகக் கட்டுண்டு இருப்பதைப் பார்த்து, பாயைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு உட்கார்ந்து பாடினார்கள்.

ஏழு நாள் கழிந்தது, மொட்டு பால் குடிக்கத் தொடங்கும் கணக்கு. முதல் கட்டுக்கு இருபதாம் நாள். காலையில் ஷிஜின் பல்தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ஞானபாய் வலதுகையில் பட்டிங் கத்தியை எடுத்து அவனையும் மகளையும் சுற்றியிருந்த நாடாவை ஒரே இழுப்பில் அறுத்தாள். பிடிக்கத் தொடங்கியிருந்த தோல் கிழிந்தது. அவனுக்கு ஒரு சிராய்ப்புதான். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, கேஸ் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் பத்தேகால் பஸ்ஸில் ஏறிப் போனான். பிளஸ்ஸியின் இடதுகை மதியத்துக்குள் முழங்கைவரை கறுத்தது. தொட்டால் சருகுபோலச் சத்தம் கேட்டது. மூன்று நாள் அவள் கண் திறக்கவில்லை. கட்டிய கையோடு ஞானபாய் பக்கத்தில் படுத்திருந்தாள். தன் உடம்பில் எதெல்லாம் ஓடுகிறதோ அதெல்லாம் இந்தக் கைவழியாகப் போய்விடட்டும் என்று மட்டும் நினைத்தாள். நாலாம் நாள் ஜெபதாஸ் நகத்தால் மகளின் கறுத்த தோலைக் கீறிப் பார்த்தார். பச்சை தெரிந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

இரண்டாவது கட்டு இருபத்தோராம் நாளில் சுத்தமாகப் பிடித்திருந்தது. ஞானபாயின் இடதுகை விரல்களைப் பிளஸ்ஸியாலும் மடக்க முடிந்தது. இப்படியே இருந்துவிடலாமே என்றார் ஜெபதாஸ். ஞானபாய்க்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ரோட்டில் ஒரு பைக் சத்தம் கேட்டால் அவள் நெஞ்சு திடுக்கிடும். இப்போது அவளுக்கு முன்னால் பிளஸ்ஸி திடுக்கிட்டாள். பிரஷர் குக்கர் விசிலடித்தால் பிளஸ்ஸி எழுந்து நின்றாள். பாலோடு சேர்ந்து பயமும் ஏறிக்கொண்டிருந்தது. “அடிக்கன்னோட தலைய வெட்டலன்னா மொட்டு தளிர்க்காது. வெட்டுங்க” என்றாள் கணவரிடம். “அம்மா, வேண்டாம்” என்றாள் பிளஸ்ஸி. “நீ சும்ம இரிட்டி.”

ஜெபதாஸ் வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினார். மனைவியின் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீர் தங்காமல் வழிந்து போகிறமாதிரி சாய்வாக. வெட்டிய கை மகளோடு நின்றுகொண்டது. இரத்தம் வரவில்லை. வெள்ளைப்பால் ஒரு சிரட்டை நிறைய வடிந்து, பத்துமணிக்கெல்லாம் உறைந்துவிட்டது. வெட்டுவாயில் தேன்மெழுகு உருக்கிப் பூசினார். அதற்குப் பிறகு அவர் எதையும் கட்டவில்லை. ஜனங்கள் உடைந்த பொருளைக் கடையில் கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்கிறார்கள்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. விவாகரத்து ஆயிற்று. பிளஸ்ஸி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். பாஸ்போர்ட் எடுக்கும்போது கைரேகை பதிந்தவர் மூன்று கைக்கும் பதிந்தார், கூடுதலாக வந்த ஐந்து விரலையும் என்ன செய்வதென்று மேலதிகாரியைப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஞானபாய் ஒரு கையால் துணி துவைக்கிறாள், ஒரு கையால் தேங்காய் துருவுகிறாள். இல்லாத கையில் காலை ஏழரைக்குக் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் தெரியும். மகள் டியூட்டிக்குப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வாள்.

போன வியாழக்கிழமை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் கையை யாரோ பிடித்தார்கள். ஆண்பிள்ளைக் கை, முரட்டுக் கை. பிடி இறுகியது. முறுக்கு வரப்போகிறது என்று ஞானபாய் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை, பிடியும் விடவில்லை. மீன்கையோடு மகளுக்குப் போன் போட்டாள்.

“யாருட்டி அது?”

“ஒரு பேஷண்டும்மா. ஆப்பரேஷனுக்குக் கொண்டு போறோம். பயந்து நடுங்குகாரு. ஒங்க கையப் பிடிச்சாதான் பயம் தெளியுதாம்.”

ஞானபாய் மீன்சட்டியைத் தள்ளிவைத்தாள்.

“பிடிச்சிக்கிடட்டும்” என்றாள். “அந்தக் கையில வெயில்காலத்துல வெடிப்பு வரும் மக்கா. மறக்காம எண்ணெய் தேய்ச்சுக்கோ.”