நாற்பதாயிரம் பேர் பாடுகிற பாட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாக வேண்டிய சமாச்சாரமே இல்லை. ஒரு கால்பந்து கிளப்பின் நூறாவது ஆண்டுப் புத்தகத்தை எழுதக் கூப்பிட்டார்கள். ரசிகர்கள் அத்தியாயத்தில் ஒரே ஒரு வரி காலியாகக் கிடந்தது. ‘இந்தப் பாட்டை உண்டாக்கியவர்: ______.’ அந்தக் கோட்டில் தடுக்கி விழுந்தவன்தான் நான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

பாட்டு இவ்வளவுதான்: ‘தோத்தா என்ன, தோத்தா என்ன, நாங்க இருக்கோம்!’ ஆட்டம் கைவிட்டுப் போகிறபோது நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று பாடுவார்கள். (எந்த நாட்டு மைதானத்துக்குப் போனாலும் இப்படி ஒன்று காதில் விழும். மெட்டை வழிபாட்டுக் கூடத்திலிருந்தோ சினிமாவிலிருந்தோ சுட்டிருப்பார்கள். யார் சுட்டது என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்குக் கை தூக்குவார்கள். எனக்கு அதுவரை ஐந்து கைகள் கிடைத்திருந்தன.)

2

ஆறாவது கை ஒரு லிஃப்ட் மெக்கானிக்குடையது.

‘தனிமை என்னும் இருட்டுக் குழிக்குள் அந்த மனிதர் மெல்ல இறங்கி...’ சீ, அடித்துவிட்டேன். தனிமையாவது குழியாவது! அவர் பகல் முழுக்க லிஃப்டின் கூரைமேல் குந்தியபடி டார்ச் அடித்துக் கம்பிவடம் பார்க்கிறவர். கீழே பெட்டிக்குள் ஜனங்கள் பேசுவது கேட்கும். மேலே ஒரு ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனால் அந்தப் பேச்சும் இல்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் கோல் விழுந்தால் பக்கத்து சீட்டுக்காரன் கட்டிப்பிடிப்பான். அவன் பேர்கூட இவருக்குத் தெரியாது.

“இருபத்தாறு வருஷம் முன்னாடி, வெளியூர் ஆட்டம் சார். ஆறுக்குப் பூஜ்யம். நம்ம பக்கத்துல நானும் என் மச்சானும் ரெண்டே பேரு. நான் எடுத்துவிட்டேன், அவன் சேந்துக்கிட்டான். ‘நாங்க’ன்னா அன்னைக்கு அந்த ரெண்டு பேருதான்.”

“யாராவது சாட்சி?”

“அவன்தான், தங்கச்சி புருஷன். ஒன்பது வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. நீங்களே கேளுங்களேன். என் பேரு வந்துச்சுன்னா... அவனும் புத்தகத்தைப் பாப்பான்ல?”

பேருக்கு ஆசைப்படுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்!

3

ஏன் பேச்சுவார்த்தை இல்லை? (சொத்துத் தகராறு என்று எழுதியிருந்தேன். சல்லிசாக வந்தது, அதனாலேயே கிழித்தேன்.) தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்த சனிக்கிழமை இவர் இறுதி ஆட்டத்துக்குப் போனார். ரெண்டு மணி நேரம்தானே என்று போனை அணைத்து வைத்தார். ஜெயித்துவிட்டு வெளியே வந்து போனைத் திறந்தால் பதினோரு அழைப்புகள், எல்லாம் மச்சானுடையவை. தங்கை போயிருந்தாள்.

4

மச்சான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். லென்ஸ் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“அவன் பாட்டா? நல்லா இருக்கே கதை! அது என் பொண்டாட்டி பாட்டு சார். நாங்க தோத்துட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவோம், கதவைத் திறந்ததும் பாடிக் கிண்டல் பண்ணுவா. அவன் அதை மைதானத்துல கத்தினான், அவ்வளவுதான்.”

“பொய் சொல்றாரா?”

“சேச்சே, அவனுக்குப் பொய் வராது. மறந்திருப்பான்.” தேய்ப்பதை நிறுத்தினார். “அன்னைக்கு வார்டுல ரேடியோ வைக்கச் சொன்னா. அப்போ நம்ம டீம் ஒரு கோல் பின்னாடி, கூட்டம் இதைத்தான் பாடிக்கிட்டு இருந்துச்சு. ‘இதுல அண்ணன் குரல் தெரியுதா பாருங்க’ன்னா. நாப்பதாயிரம் பேரு சார்! தெரியுதுன்னு சொன்னேன்.”

“இதை அவர்கிட்ட சொல்லக் கூடாதா?”

“சொல்லிட்டா என் கோவமும் போயிடும். அப்புறம் வீட்ல என்கூட என்ன இருக்கு?”

5

முடிவு அ: மெக்கானிக் பேரைப் போட்டுவிடலாம். சந்தோஷப்படுவார். மச்சான் பக்கத்தைப் புரட்டிவிட்டு மூடி வைப்பார்.

முடிவு ஆ: தங்கை பேரைப் போடலாம். அதுதான் நியாயம். ஆனால் லிஃப்ட் கூரைமேல் தனியாக உட்கார்ந்து அந்த வரியைப் படிக்கிற மனிதரை என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இ: காகிதத்தில் இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். ஒரு பக்கம் முழுக்க இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. நானும் எவ்வளவு நேரம்தான்...

அச்சுக்கு நாளை போகிறது. இப்போது, இந்த வரியை எழுதும்போது, மெக்கானிக் கூப்பிட்டார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா சார்?”

 போனை உங்களிடம் நீட்டுகிறேன். என்ன சொல்வீர்களோ சொல்லுங்கள், மனுஷன் லைனில் காத்திருக்கிறார்.