சீலிங்கைச் சுரண்டியபோது

எங்கள் ஹால் சீலிங்கை அழகாக்கிக் காட்டுகிறேன் என்று வந்தவன் பெயர் அனிருத். இன்டீரியர் டிசைனர். கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முதல் மாடியில் நாங்கள் வாங்கிய பழைய ஃப்ளாட் அது. வந்ததும் வராததுமாக அண்ணாந்து பார்த்தான். "மேடம், இந்தப் பூச்சை எடுத்துடலாம். உள்ள இருக்கற காங்கிரீட்டை அப்படியே வெளிய காட்டினா செம லுக். இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க" என்றான்.

கட்டி முடித்த வீட்டைக் கட்டி முடிக்காத வீடு மாதிரி ஆக்குவதற்கு ஒரு படிப்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் என் கணவர் சுகுமாருக்கு அவன் ஃபோனில் காட்டிய படங்கள் பிடித்துவிட்டன. சாம்பல் நிறச் சீலிங், தொங்கும் ஒற்றை பல்பு, கீழே ஒரு வெள்ளைக்காரி காபி குடிக்கிறாள். "பாரேன் தமிழினி, எவ்ளோ நேர்மையா இருக்கு. உள்ள என்ன இருக்கோ அதையே காட்டுது" என்றார். அவருக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் வேலை, குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஒரு பாகத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் தூக்கிக் கழித்துவிடுவார். அந்தப் பெருமையைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து தினமும் எனக்கும் ஊட்டுவார்.

இரண்டு ஆட்கள் வந்து கொத்த ஆரம்பித்தார்கள். ஹாலின் நடுவில் ஒன்றும் குறையில்லை. ஜன்னல் பக்கத்து மூலைக்கு வந்தபோதுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அந்த மூலைக்கு நேர் மேலே, மாடி ஃப்ளாட்டில் இருக்கும் கிறிஸ்டினா வீட்டுப் பாத்ரூம். உளி பட்டதும் படாததுமாகப் பூச்சு மொத்தமாகக் கழன்று விழுந்தது. உள்ளே ஜல்லி தனித்தனியாக நின்றது, சிமென்ட் ஒட்டவே இல்லை. கம்பி துருப்பிடித்து ஏடு ஏடாக உரிந்தது. ஒரு ஓட்டையில் கோணியைத் திணித்து வைத்திருந்தார்கள். கொத்துகிற ஆள் அதைப் பிடித்து இழுக்க, ஊறிப் போன கோணி சாக்கடை நாற்றத்தோடு வந்தது. அதன் பின்னால் கரப்பான்பூச்சிகள். ஒன்று என் தலையில் விழுந்தது.

அதோடு நிற்கவில்லை. குட்கா உறைகள் வந்தன. கடைசியாக ஒரு பரோட்டா பார்சல் கவர், உள்ளே காய்ந்த சால்னாக் கறையோடு. எவனோ சென்ட்ரிங் பலகை மேல் உட்கார்ந்து தின்றுவிட்டு, கவரை அங்கேயே வீசி, அதன் மேல் காங்கிரீட்டைக் கொட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்ற மேஸ்திரியும் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். மேலே ஒரு குடும்பம் நடக்கும், கீழே ஒரு குடும்பம் தூங்கும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நான் ஓடிப்போய் சிங்க்கில் வாந்தி எடுத்தேன்.

சுகுமார் வந்து ஃபோன் லைட்டை அடித்துப் பார்த்தார். விரலை விட்டார், பாதி விரல் உள்ளே போனது. மேலே கிறிஸ்டினாவின் பெண்கள் ஓடிப் பிடித்து விளையாட, பொடி உதிர்ந்து அவர் கண்ணில் விழுந்தது. மனுஷன் வெளுத்துப் போனார். கீறலுக்கே குதிக்கிறவர், இதற்கு ஊரையே இரண்டாக்கிவிடுவார் என்று நம்பினேன். அவர் அசோசியேஷன் தலைவர் ஜெயவேலுவுக்கு ஃபோன் போட்டார்.

இந்த இடம் முன்னே ஜெயவேலு குடும்பத்து நிலம். பில்டருக்குக் கொடுத்து, பதிலுக்கு ஃப்ளாட்டுகளாக வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். வந்தவர், மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது, செவனேன்னு கீற சீலிங்கைப் போயி நோண்டிக்கினு? இத்தினி வருசமா நின்னுகினுதானே கீது?"

"மேல சின்னப் பசங்க இருக்காங்க சார். ஒரு எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டணும்" என்றேன்.

"எஞ்சினியரை இட்டாந்தா அவன் சும்மா போவானா? மொத்தப் பில்டிங்கும் வீக்குன்னு ஒரே பேஜார் பண்ணுவான். அப்பால எவன் வூடு வாங்குவான், எவன் வாடகைக்கு வருவான்? உனுக்கும் சேத்துத்தான் சொல்றேன். மூடிடு."

நான் சுகுமாரைப் பார்த்தேன். தலையாட்டிக்கொண்டிருந்தார். "அவர் சொல்றதும் சரிதானே?" என்றார். அந்த நிமிஷம் கோணியைவிட அவர் எனக்கு அருவருப்பாக இருந்தார்.

வழி சொன்னது அனிருத். ஓட்டையில் சிமென்ட்டை அப்பி, மேலே காங்கிரீட் மாதிரியே தெரிகிற பெயின்ட் அடித்துவிடலாமாம். "ஒரிஜினல் காங்கிரீட்டைவிட ஒரிஜினலா இருக்கும் மேடம்." அழுகின காங்கிரீட்டுக்கு மேலே காங்கிரீட் வேஷம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூட இவர்களிடம் பாடம் படிக்க வேண்டும். அவன் ஆட்கள் சென்ட்ரிங் பலகை பதிந்த மாதிரிக் கோடுகளை ஸ்கேல் வைத்து இழுத்தார்கள், காற்றுக் குமிழி மாதிரி குட்டிக் குட்டிப் புள்ளிகளைப் பிரஷ் நுனியால் வைத்தார்கள். நிஜத்தைப் போடும்போது எவனும் படாத சிரமத்தைப் பொய்க்குப் பட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஜெயவேலு அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் கிடந்திருப்பேன். ஒரு நாள் துணி தேய்க்கப் போனேன். சுகுமாரின் சாய்வு நாற்காலி எப்போதும் அந்த ஜன்னல் மூலையில்தான் கிடக்கும். அதைக் காணோம். எதிர்ச் சுவரோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார். "வெளிச்சத்துல கண்ணு கூசுது" என்றார். காலியான மூலையில் என் இஸ்திரி டேபிளைக் கொண்டுவந்து போட்டிருந்தார். நின்று துணி தேய்க்கிறவள் நான்.

ஃபோனில் எடுத்து வைத்திருந்த படங்களோடு நேரே மாடிக்குப் போனேன். கிறிஸ்டினா தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல பெண். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அலறப் போகிறாள் என்று நினைத்தேன். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இவ்ளோ மோசம்னு தெரியாதுக்கா. ஆனா பாத்ரூம்ல டைல்ஸ் இறங்கினப்பவே சந்தேகம்தான். நாங்க வித்துட்டுப் போறோம். ஞாயித்துக்கிழமை பாக்க வர்றாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசிடாதீங்க, ப்ளீஸ்க்கா. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"வாங்கறவங்களுக்குப் பிள்ளைங்க இருக்காதா?"

அவள் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு தட்டில் கேக் வைத்துக் கொடுத்தாள். நான் தொடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பம்மலில் வாடகைக்கு இருக்கும் இளம் ஜோடி. அந்தப் பெண்ணுக்கு வயிறு இலேசாகத் தெரிந்தது. ஜெயவேலுவே முன்னால் நின்று அழைத்துப் போனார், வழிகாட்ட கிறிஸ்டினாவும் இறங்கி வந்திருந்தாள். எங்கள் கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, உங்க சீலிங் சூப்பரா இருக்குக்கா! ஒரிஜினல் காங்கிரீட்டா?"

அவள் முதுகுக்குப் பின்னால் கிறிஸ்டினா என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். நான் வாயைத் திறப்பதற்குள், எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்த சுகுமார் சொன்னார்: "ஆமாம்மா, ஒரிஜினல்."

"உள்ள வாம்மா, ஒரிஜினலைக் காட்டறேன்" என்று கூப்பிட்டேன். இஸ்திரி டேபிளை இழுத்துத் தள்ளிவிட்டு, ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்து மூலையில் ஓங்கிக் குத்தினேன். மேலே இருந்து ஈரம் இறங்கி அந்த இடம் ஏற்கெனவே உப்பியிருந்தது. இரண்டாவது குத்துக்குப் பெயின்ட், சிமென்ட், துருக் கம்பியின் ஏடு, எல்லாம் சேர்ந்து பொலபொலவென்று தரையில் விழுந்தன. மறுபடியும் அதே நாற்றம். "ஏய், இன்னா பண்ற!" என்று ஜெயவேலு கத்தினார்.

அந்தப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பிறகு புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, மாடிக்குப் போகாமலே இறங்கிப் போனாள். ஜெயவேலு அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

"நல்லா இருங்கக்கா" என்றாள் கிறிஸ்டினா.

"நாளைக்கு எஞ்சினியர் வர்றாரு. நான்தான் கூப்பிட்டிருக்கேன். உன் பாத்ரூமையும் திறந்து விடு" என்றேன். அவள் அழுதுகொண்டே மேலே போனாள்.

சுகுமார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தரையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இனிமே நம்ம ஃப்ளாட்டை எப்படிடி விக்கறது?"

"சீ" என்றேன்.