கீழே நிற்கிற வேலை

கொக்கு வருகிறார் என்று தெரிந்திருந்தால் நான் அன்றைக்குப் போயிருக்கவே மாட்டேன்.

என் கணவர் துறைமுகத்தில் சிக்னல்காரர். கிரேன் ஓட்டுபவருக்கு மேலேயிருந்து எல்லாம் தெரியாது. கீழே ஒருவர் நின்று தூக்கு, இறக்கு, நில் என்று கையால் சொல்ல வேண்டும். ஒரு மழை நாளில் கட்டு அறுந்து இரும்புச் சுருள் அவர்மேல் விழுந்தது. அதன்பிறகு, கூட வேலை பார்த்தவர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சம் போட்டு அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். எந்த வயதிலும் புதுத் தொழில் கற்க வருகிறவர்களுக்குக் கட்டணமும், படிப்பு முடியும்வரை வீட்டுச் செலவும் அது தரும். தேர்வுக் குழுவில் சங்கப் பொருளாளர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், நான். மூன்று கையும் உயர்ந்தால்தான் உதவி. உயராத கையிடம் காரணம் கேட்கக் கூடாது.

அந்த மழை நாளில் கிரேன் ஓட்டியவர் கொக்கு. நீளக் கழுத்துக்கு வந்த பட்டப்பெயர். விசாரணையில் அவர்மேல் குற்றமில்லை என்றார்கள். என் கணவர்தான் சுமைக்குக் கீழே நின்றாராம். நான் நம்பவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே படுக்கக்கூடப் பயப்படுகிற மனிதர் அவர். பழியைச் செத்தவன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன்.

அன்றைக்கு எங்கள் குழுவிடம் உதவி கேட்டு வந்த கொக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, “வணக்கம் மேடம்” என்றார். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் அண்ணி அண்ணி என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்.

“என்ன பயிற்சி வேணும்?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“சிக்னல் வேலைங்க.”

பொருளாளர் பேனாவைக் கீழே வைத்தார். “யோவ், உனக்கு வேற வேலையே கெடைக்கலியா? ஏசி ரிப்பேர் கத்துக்க, லாரி ஓட்டு.”

“இந்த வயசுல வேற எதுவும் மண்டையில ஏறாது. கிரேன் ஏணியில பாதி ஏறினாலே கால் நடுங்குது. இப்ப கேட்ல வாட்ச்மேன். இந்த மாசத்தோட அதுவும் போச்சு. வீட்ல உக்காந்தா யாரு சோறு போடுவா?”

“மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“இல்லைங்க. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டு வாங்கினா அது பிச்சை.”

தலைமையாசிரியை மேசைக்கடியில் என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

“அப்ப அவர் நின்ன இடத்துல நிக்க ஏன் ஆசை?”

“அந்த வேலைய மேலேருந்தே பாத்தவன் நான். அண்ணன் மாதிரி சிக்னல் காட்ட ஆளில்ல. கை ஒண்ணு சொல்லும், வாய் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கும். மேல கேக்காதுங்கற தைரியம்.”

பொருளாளர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அன்னைக்கு அவர் எங்க நின்னார்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?” என்றார் பொருளாளர்.

“அவர் சொல்லட்டும்.”

என் கை உயராவிட்டால் தனக்கு ஒன்றும் கிடையாது என்பது கொக்குக்குத் தெரியும். நான் எதைக் கேட்கத் துடிக்கிறேன் என்பதும் தெரியும். ஒரே ஒரு பொய் போதும்.

“சுமைக்குக் கீழதான் நின்னார்.”

“பொய்.”

“பொய் சொல்றதா இருந்தா உங்களுக்குப் பிடிச்ச மாதிரி சொல்லியிருப்பேன் அண்ணி. சுத்திப் போகச் சோம்பல்பட்டு அண்ணன் குறுக்க நடந்தார். நான் கிரேனை நிறுத்திட்டு ஹாரன் அடிச்சேன். நிமிந்து பாத்து என்னத் திட்டினார். அதுக்குள்ள கட்டு அறுந்துருச்சு.”

அந்த நீளக் கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது.

“போதும்ப்பா, வெளிய இரு. ஓட்டுப் போட்டுட்டுக் கூப்பிடறோம்” என்றார் பொருளாளர்.

“இங்கயே இருக்கட்டும்” என்றேன்.

குழுவில் மற்ற இருவரும் என் கைக்காகக் காத்திருந்தார்கள். நாளைக்குச் சுமைக்கடியில் யாராவது குறுக்கே நடந்தால், அது முதலாளியாகவே இருந்தாலும், இந்த ஆள் இரண்டு கையையும் விரித்து நிறுத்துவார். தன் பிழைப்பே போகும் என்று தெரிந்தும் நிறுத்துவார். அவரை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கையை உயர்த்தினேன். மற்ற இரண்டு கைகளும் உயர்ந்தன. கொக்கு அழுதுவிடுவார் போலிருந்தது.

“நல்லாப் படிங்க. என் வீட்டுப் பக்கம் மட்டும் வராதீங்க.”

“சரிங்க.”

அவர் போனதும் வராந்தாவுக்கு வந்து மகனுக்குப் போன் போட்டேன். இத்தனை நாள் அவனிடம் நான் சொல்லி வைத்திருந்ததை நானே மாற்றிச் சொல்ல வேண்டும்.

“உங்கப்பா சுமைக்கடியில குறுக்க நடந்தாராம்டா. சுத்திப் போகச் சோம்பலாம்.”

“நடந்திருப்பார்மா” என்றான். “ரோட்டையே அப்படித்தானே கடப்பார்.”